ஒன்பதாம் கட்டைக்கும் எட்டாம் கட்டைக்கும் நடுவில்

மாயாண்டியை ஏற்றிக்கொண்டு தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை விடியலில் கல்லுமலைத் தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட வேன், ஆடி பிறந்த பிறகுதான் ராசா என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. தூரம் பன்னிரண்டு கட்டை. வெள்ளைக்காரன் காலத்து மைல்கல்லை எங்கள் பக்கத்தில் கட்டை என்றுதான் சொல்வோம். பன்னிரண்டு கட்டையை மாட்டு வண்டியில் போனால்கூட மத்தியானத்துக்குள் கடந்துவிடலாம். வழியில் வேன் கெட்டுப்போகவில்லை. டயர் வெடிக்கவில்லை. வேனை ஓட்டிய சித்திக் தேத்தண்ணி குடிக்கக்கூட எங்கும் இறங்கவில்லை. அவர் நேராகத்தான் ஓட்டினார். சாலைதான் நீண்டுவிட்டது. நம்பாதவர்கள் மந்தின் கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். சாலை ஒருவரையும் கேட்டுக்கொண்டு நீளவில்லை.

அதற்கு முந்திய கார்த்திகையில் மாநில பட்ஜெட் வாசிக்கப்பட்டது. அதன் சுருக்கம் தமிழ்ச் செய்தியில் வந்தபோது மாயாண்டி லயத்து வீட்டில் நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். பல வருடம் செம்பனைக் குலை வெட்டிய மனுஷன். இனிப்பு நீர் வியாதி வந்து, அது சிறுநீரகத்தைத் தின்று, கடைசியில் வாரம் மூன்று நாள் ராசாவுக்குப் போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் உயிர் தங்கும் என்றாகிவிட்டது. அதற்கு இங்கே சூச்சி டாரா என்று பேர். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும். மூன்றாவதைப் பற்றி டாக்டர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அவர் மனைவி பஞ்சாலை அவருடைய பாதத்தை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்தியைக் கேட்டாள். விளையாட்டரங்குச் செலவுக்கும் பூங்கா நீரூற்றுச் செலவுக்கும் நடுவில் ஒரே ஒரு வாக்கியம் வந்தது: உட்புறச் சாலைகளின் பராமரிப்புக் குழுக்கள் மறுசீரமைக்கப்படும்.

"மறுசீரமைப்புன்னா என்னாங்க?" என்று பஞ்சாலை கேட்டாள்.

"பேரைக் கேட்டா நல்லதாத்தான் தெரியுது லா. ஒங்க ரோட்டு ஆளுங்களுக்குப் புது கத்தி கித்தி குடுப்பான் போல."

மார்கழி முடிவதற்குள் அர்த்தம் தெரிந்துவிட்டது. கல்லுமலைச் சாலைக்கு என்று ஐந்து பேர் கொண்ட கூட்டம் இருந்தது. பஞ்சாலை மண்டோர், வேலையைப் பிரித்துக் கொடுப்பது அவள். தங்கராஜு முதுகில் மிஷினைக் கட்டிக்கொண்டு புல் வெட்டுவார். மங்கம்மா கால்வாயில் சேறு அள்ளுவாள். முருகையா குழி விழுந்த இடத்தில் தார் போட்டுத் தட்டுவார். சித்திக் லாரி ஓட்டுவார். ஐந்து பேரையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். இனிமேல் சாலையைத் தேவைக்கேற்பப் பார்த்துக்கொள்வார்களாம். யாருடைய தேவைக்கு என்று அந்தச் சுற்றறிக்கையில் இல்லை. இருபது வருடம் வெயிலில் நின்றவர்களை வீட்டுக்கு அனுப்ப அரசாங்கத்துக்கு அரைப் பக்கம் போதுமானதாக இருந்தது.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒன்பதாம் கட்டையில் நிற்கும் பழைய மைல்கல்தான் அவர்களுக்கு முனீஸ்வரன். யார் முதலில் கும்பிட்டார்கள் என்று தெரியாது. வெள்ளையடித்த கல்லுக்கு யாரோ ஒரு நாள் மஞ்சள் துணி சுற்றினார்கள், இன்னொரு நாள் சூலம் வந்தது, பிறகு தகரக் கூரையும் வந்தது. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் அந்தக் கல்லுக்கு எதிரில்தான் பெரட்டு நடக்கும். பெரட்டு என்றால் ஆள் கணக்கெடுப்பு. மண்டோர் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், ஆள் 'இருக்கேன்' என்று சொல்லும். எல்லோர் பேரும் ஆன பிறகு பஞ்சாலை கடைசியாக "முனியாண்டி" என்று கூப்பிட்டுவிட்டு, அவருக்காகத் தானே "இருக்கேன்" என்பாள். சித்திக் இதையெல்லாம் லாரியில் சாய்ந்துகொண்டு பார்ப்பார். கும்பிட மாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை முனிக்கு வைக்கும் சுருட்டை மந்தினிலிருந்து மறக்காமல் வாங்கி வருவது அவர்தான்.

கடைசி நாளன்று கல்லுக்கு முன்னால் பொங்கல் வைத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். சாமியை அனாதையாக விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று பஞ்சாலைதான் சொன்னாள். ஊர் விட்டு ஊர் போகிறவன் குலசாமி காலடியில் ஒரு பிடி மண் எடுத்துப் போவது நம்மவர்கள் கப்பலேறி வந்த காலத்திலிருந்து உள்ளதுதான். பிடிமண் போகிற இடத்துக்குச் சாமி வந்தாக வேண்டும். நான்கு பேரும் கல்லின் அடியில் கைவிட்டு ஆளுக்கொரு பிடி அள்ளி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார்கள். சித்திக் மட்டும் எடுக்கவில்லை. "எனக்கு மேல ஒருத்தர் இருக்காரு, போதும் லா" என்று சிரித்தார். தங்கராஜு அம்பாங்கானுக்குப் போய் அடுக்குமாடியில் காவல்காரர் ஆனார். மங்கம்மா ராசாவில் மகன் வீட்டோடு போனாள். முருகையா மந்தினில் கார் கழுவும் கடையில் சேர்ந்தார். சித்திக்குக் காலியாக இருந்த நோயாளி வேன் வேலை கிடைத்தது. பஞ்சாலை தன் பிடிமண்ணை அடுப்பங்கரைச் சாமி மேடையில் வைத்தாள். அவள் எங்கேயும் போகவில்லை, ஆனாலும் எடுத்திருந்தாள். எல்லோரும் எடுக்கும்போது மண்டோர் எடுக்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்.

சாலை மறுநாளிலிருந்தே நீளத் தொடங்கியது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஒன்பதாம் கட்டைக்கும் எட்டாம் கட்டைக்கும் நடுவில் இருந்த ஒரே வளைவு இரண்டானது, பிறகு நாலானது. பொங்கலுக்குள் மந்தினுக்குப் போகிற நேரம் இரட்டிப்பானது. பள்ளிக்கூட வேன் மணியடித்து முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திக்கொண்டது. மாதம் ஒரு தடவை வரும் நடமாடும் மருத்துவ வண்டி பாதி வழியில் இருட்டிப்போனதால் திரும்பிவிட்டது. காய்கறி லாரிக்காரன் கொண்டுவந்த கீரை வரும் வழியிலேயே பூத்துவிட்டது. ஆட்கள் செம்பனைக் காட்டுக்குள் போகும் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளில் சுற்றிக்கொண்டு போகப் பழகினார்கள். மாயாண்டியால் அது முடியாது. ஒரு தடவை பின்னால் உட்கார்த்தி வைத்துப் பார்த்தார்கள், மண்பாதைக் குலுக்கலில் மயங்கி விழுந்துவிட்டார். அவருக்கு வேன்தான் வழி. வேனுக்கு அந்தச் சாலைதான் வழி.

பஞ்சாலை சாலை அலுவலகத்துக்குப் போய் நின்றாள். தர்மேந்திரன் என்ற இளம் அதிகாரி வந்தார். நல்ல பையன். தூரம் அளக்கும் சக்கரத்தை ஒன்பதாம் கட்டையில் வைத்து உருட்டிக்கொண்டு நடந்தார். நாலாம் நாள் பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பி வந்தபோது அவருடைய சப்பாத்தின் அடி தேய்ந்து காலுறை தெரிந்தது. போகும்போது மழித்திருந்த முகத்தில் தாடி இருந்தது. எட்டாம் கட்டையை அவர் கண்ணால் பார்க்கவில்லை. "இது எப்படிக்கா நடக்கும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பார்த்ததைப் பார்த்தபடி மேலே எழுதினார். மேலேயிருந்து பாராட்டி பதில் வந்தது. ஒரு செலவும் இல்லாமல் மாநிலத்தின் மொத்தச் சாலை நீளம் கூடியிருப்பது மகிழ்ச்சிக்குரியது என்றும், நீளத்துக்கு ஏற்ற மானியத்தைக் கோரலாம் என்றும், அந்த மானியத்தில் எதைச் செய்வது என்று பிறகு ஆலோசிக்கலாம் என்றும் அதில் இருந்தது. தர்மேந்திரன் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். ஆற்றுவெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று சொன்னால், நல்லது, இனிமேல் மீன் வளர்க்கலாம் என்கிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை வழக்கத்தைவிட வெகுமுன்னதாகவே சித்திக் வேனை எடுத்தார். மாயாண்டிக்கு சனி, ஞாயிறு இடைவெளியில் கால் வீங்கி, மூச்சு கொஞ்சம் வாங்கத் தொடங்கியிருந்தது. பஞ்சாலை சூட்டுப் போத்தலில் சீனி போடாத கோப்பி ஊற்றி மடியில் வைத்து, போர்வையைப் போர்த்திவிட்டாள். வேன் ஒன்பதாம் கட்டையைத் தாண்டி முதல் வளைவில் திரும்பியது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. மத்தியானம் ராசாவிலிருந்து தாதி கூப்பிட்டு, ஏன் ஆளைக் கொண்டுவரவில்லை என்று சத்தம் போட்டாள். பஞ்சாலை மாயாண்டியின் கைப்பேசிக்கு அடித்தாள்.

"இப்பத்தான புள்ள கெளம்புனோம்," என்றார் அவர். "பாய் நல்லாத்தான் ஓட்டுறாரு. இன்னும் பனிகூட விலகல."

பஞ்சாலை வெளியே பார்த்தாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மறுநாள் கூப்பிட்டபோதும் அங்கே பனி விலகவில்லை. மறுவாரமும் கோப்பி சூடாகத்தான் இருந்தது. சாலை இழுபட்டதில் அதன் மேல் இருந்த நேரமும் சேர்ந்து இழுபட்டுவிட்டது. இங்கே நாட்கள் போனால் அங்கே நிமிடங்கள் போயின. இதில் ஒரு நன்மை, மாயாண்டி இன்னும் மூன்றாவது தவணையைத் தவறவிடவில்லை, முதல் தவணையைக்கூடத் தவறவிடவில்லை. அவருக்கு அது இன்னும் திங்கட்கிழமை காலைதான். ஆனால் மூச்சு வாங்குவதும் அங்கேயேதான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டும் இருந்தது.

சித்திக்கின் மனைவி ஃபஸீலாதான் முதலில் அதைக் கண்டுபிடித்தாள். மந்தினிலிருந்து செம்மண் பாதையில் மோட்டார் ஓட்டிக்கொண்டு வந்து, பஞ்சாலை வீட்டு வாசலில் நின்றாள். "அக்கா, நாம பேசுறப்ப மட்டும் அங்கயும் இங்கயும் நேரம் ஒண்ணா ஓடுது. நான் அவருகிட்ட வீட்டு விஷயமெல்லாம் கொட்டிட்டு வச்சேன். அதுக்குள்ள அங்க பனி பாதி விலகிருச்சாம்." பஞ்சாலை தினமும் சாயந்திரம் மாயாண்டியைக் கூப்பிட்டு, சாப்பிட்டது, மழை பெய்தது, கோழி அடைகாத்தது எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் புருஷனுக்கு மிச்சமிருந்த மூச்சைத் தானே வாயாடிக் கரைத்திருக்கிறாள். அன்றைக்கு முழுக்க அவள் ஒரு பருக்கை சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து பேச்சைப் பெரட்டு அளவுக்குக் குறைத்துக்கொண்டாள். அவள் "மாயாண்டி" என்பாள். கட்டிய நாளிலிருந்து புருஷன் பேரைச் சொல்லாதவள் இப்போது சொன்னாள், 'என்னாங்க' என்று ஆரம்பித்தால் அழுகை வந்து பேச்சு நீண்டுவிடும் என்று. அந்தப் பக்கம் அவர் "இருக்கேன்" என்பார். உடனே வைத்துவிடுவாள். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

சித்திரைக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பஞ்சாலை ஒன்பதாம் கட்டைக்குப் போனாள். கும்பிடப் போகவில்லை, திட்டப் போனாள். "இத்தன வருஷம் சோறு தின்னியே, சுருட்டு குடிச்சியே, ஒரு வேனப் புடிச்சு நிறுத்த முடியலயா ஒனக்கு? நீ என்னா சாமி?" என்று கேட்டுக்கொண்டே கல்லை உதைக்கக் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது. கல் சாய்ந்திருந்தது. அதன் அடியில் நான்கு கை போன அளவுக்குக் குழி. ஊர் விட்டுப் போகிறவன் ஒருவன் ஒரு பிடி எடுப்பான், கோயிலும் ஊரும் பின்னால் இருக்கும். மழையும் காலடியும் அதை மூடிவிடும். இங்கே மொத்தக் கூட்டமும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டு, மூட ஓர் ஆள்கூட மிச்சமில்லாமல் போய்விட்டது. சாமியையும் சேர்த்துத்தான் மறுசீரமைத்திருக்கிறார்கள். பஞ்சாலை வீட்டுக்கு ஓடிப்போய் அடுப்பங்கரை மேடையிலிருந்த மஞ்சள் முடிச்சை எடுத்து வந்து குழியில் கொட்டி மிதித்தாள். கைப்பேசி அடித்தது. அந்தத் தடவை கூப்பிட்டது மாயாண்டி. "ஒரு வளைவு தாண்டிட்டோம் புள்ள" என்று மட்டும் சொன்னார்.

முருகையா முணுமுணுத்துக்கொண்டே தன் முடிச்சைக் கொடுத்தார். கார் கழுவும் கடையில் தனக்கு அது ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை என்றார். இரண்டாவது பிடி போட்டதும் அங்கே இன்னும் சில வளைவுகள் கழிந்தன. மங்கம்மாவுடையது கிடைக்கவில்லை. ராசாவில் அவள் தெருக் கோயிலுக்குப் புதிதாக ஒரு சன்னதி கட்டும்போது புண்ணியமாகப் போகட்டும் என்று அஸ்திவாரத்தில் போட்டுவிட்டாள். அதன் மேல் இப்போது சிமெண்டும் அம்மனும் இருந்தார்கள். மங்கம்மா தலையிலடித்துக்கொண்டாள். அம்மனைத் தூக்கவும் முடியாது, அந்த மண்ணைத் திருப்பவும் முடியாது. மிச்சம் இருந்தது தங்கராஜு.

தங்கராஜு தரமாட்டேன் என்றார். அவரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். வேலை போன பிறகு அந்த மனுஷன் ஒரு மாதம் அம்பாங்கானில் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். பிடிமண்ணை ஒரு பூந்தொட்டியில் போட்டு, துளசி நட்டு, ஐந்தாவது மாடித் தாழ்வாரத்தில் வைத்து விளக்கேற்றிய மூன்றாம் நாள் காவல் வேலை கிடைத்தது. அடுத்த மாதம் மகள் ரோகினிக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்தது. ஆனி மாதம் கல்யாணம். "அக்கா, எடுத்து வச்ச சாமியத் திருப்பிக் குடுத்தா குடும்பத்துக்கு ஆகாது. அதுவும் கல்யாணத்த வச்சிக்கிட்டு. மாயாண்டி அண்ணன் எனக்குக் கூடப் பொறந்தவரு மாதிரிதான். ஆனா எம்மவள நெனச்சுப் பாருங்க." பஞ்சாலை அந்தப் பூந்தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தள்ளு தள்ளிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றுகூடத் தோன்றியது. ஐந்து மாடி இறங்கி வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வேலையைப் பிடுங்கினவன் குளிரறையில் இருக்கிறான்; பிடுங்கப்பட்டவர்கள் ஒரு பிடி மண்ணுக்கு அடித்துக்கொள்கிறோம் என்று துணைக்கு வந்திருந்த ஃபஸீலாவிடம் சொன்னாள்.

வைகாசி முழுக்கத் தினமும் பேர் கூப்பிட்டாள். 'இருக்கேன்' என்ற சொல் இரண்டு துண்டாக வரத் தொடங்கியது. நடுவில் ஒரு மூச்சு. பிறகு இரண்டு மூச்சு. சித்திக் ஒரு தடவை கைப்பேசியை வாங்கி, "அக்கா, இவருக்கு உதடு நீலமாவுது. நான் அமுக்கிதான் ஓட்டுறேன், சத்தியமா அமுக்கிதான் ஓட்டுறேன்" என்றார். அன்றைக்குப் பஞ்சாலை ஒரு முடிவுக்கு வந்தாள். சேர்த்துச் சேர்த்து மிச்சப்படுத்திய மாயாண்டியின் நிமிடங்களில் இரண்டை எடுத்துச் செலவழிப்பது என்று. தங்கராஜு காவல் கூண்டில் இருந்த நேரம் பார்த்துப் போய், மாயாண்டியைக் கூப்பிட்டு, கைப்பேசியைத் தங்கராஜு கையில் கொடுத்தாள். கல்யாணமும் மண் விஷயமும் ஃபஸீலா சித்திக்கிடம் சொல்லி முன்பே மாயாண்டி காதுக்குப் போயிருந்தன. பஞ்சாலை ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. கெஞ்சும்படியும் சொல்லவில்லை.

"யாரு, தங்கராசா?" மாயாண்டியின் குரல் வெகுதூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக வந்தது. "ரோகினிக்குக் கல்யாணமாமே. எந்தக் கோயில்ல?"

தங்கராஜு சொன்னார்.

"நல்லது லா. நான் இந்த சூச்சி டாரா முடிச்சிட்டு நேரா அங்க வந்துடுறேன். பந்தியில எனக்குத் தண்ணி ஊத்தாதீங்க, அளவு இருக்கு." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "மண்ணு ஒங்கிட்டயே இருக்கட்டும். பொண்ணு கல்யாணம் பெருசு. இந்த ரோடு எங்க போயிறப் போவுது."

பஞ்சாலை கைப்பேசியை வாங்கி அணைத்துவிட்டாள். தங்கராஜு காவல் கூண்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்கள் தடுப்புக் கம்பத்துக்கு முன்னால் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. அவர் கம்பத்தைத் தூக்கவில்லை.

ஆனி மாதம் ரோகினி கல்யாணம் நடந்தது. பந்தியில் ஓர் இலையைப் போட்டு, சோறு வைத்து, தண்ணீர் ஊற்றாமல், ஆள் உட்காராமல் வைத்திருந்தார்கள். மறுவீடு முடிந்த அன்றைக்குத் தங்கராஜு பூந்தொட்டியை அப்படியே துளசியோடு தூக்கி மோட்டாரின் முன்னால் வைத்துக்கொண்டு, செம்மண் பாதை வழியாக ஒன்பதாம் கட்டைக்கு வந்து சேர்ந்தார். "பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போயிருச்சுக்கா. இனிமே அதுக்குச் சாமி வேற" என்றார். கொட்டி மிதித்தார்கள். கல் நிமிர்ந்தது, ஆனால் முழுக்க நிமிரவில்லை. மங்கம்மாவின் ஒரு பிடி குறைந்தது. முருகையா பக்கத்துக் கால்வாயிலிருந்து மண் அள்ளிப் போட்டார்; அது உள்ளே தங்காமல் மழைத் தண்ணீரைப் போல் வழிந்து வெளியே வந்தது. கடையில் வாங்கிய சிமெண்டும் அப்படியே வந்தது. அப்போது ராசாவிலிருந்து டாக்சி பிடித்து, மந்தினில் இறங்கி, மிச்சத் தூரத்தை ஃபஸீலாவின் மோட்டார் பின்னால் உட்கார்ந்து வந்த மங்கம்மா, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கால்வாயில் இறங்கிச் சேறு அள்ளத் தொடங்கினாள். மண்ணைத் திருப்பிக் கொடுக்க முடியாதவள் கையையாவது கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

பஞ்சாலை பெரட்டுக்குக் கூப்பிட்டாள். சம்பளம் தருகிறவன் யாரும் இல்லை, வேலை என்று ஒன்றும் இல்லை, ஆனாலும் கூப்பிட்டாள். தங்கராஜு. இருக்கேன். முருகையா. இருக்கேன். மங்கம்மா, கால்வாய்க்குள்ளிருந்து, இருக்கேன். சித்திக்கின் பேருக்கு ஃபஸீலா சொன்னாள். முனியாண்டிக்குப் பஞ்சாலை சொன்னாள். பிறகு கைப்பேசியை எடுத்து ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு மாயாண்டியின் பேரைக் கூப்பிட்டாள். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கூட்டம் கத்தியை எடுத்தது. அன்றிலிருந்து ஆறு வாரம், வேலைக்குப் போகிற இடங்களில் கெஞ்சியும் பொய் சொல்லியும் விடுப்பு எடுத்து, நான்கு பேரும் ஒரு காசு கூலியில்லாமல் அந்தச் சாலையில் புல் வெட்டினார்கள், குழியடைத்தார்கள், கால்வாய் தோண்டினார்கள். வெட்டிய தூரத்துக்குச் சாலை சுருங்கிக்கொண்டு வந்தது. அவர்கள் முன்னால் நகர்ந்தபோது செம்பனை மரங்கள் நெருங்கி வந்து தத்தம் பழைய இடத்தில் நின்றன. ஆடி மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் உச்சி வெயிலில் அவர்கள் ஒரு வளைவில் திரும்பியபோது எட்டாம் கட்டை தெரிந்தது. அதைத் தாண்டி, விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் விடியற்காலைப் பனியோடு ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது.

ராசாவில் தாதி வாசலிலேயே நின்றிருந்தாள். திங்கட்கிழமை ஆளை இவ்வளவு தாமதமாகவா கொண்டுவருவது என்று சித்திக்கைக் கடிந்துகொண்டே மாயாண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். வெளியே அது வியாழக்கிழமை. மாயாண்டிக்கு நினைவு இல்லை. நான்கு மணி நேரம் மிஷின் ஓடியது. பஞ்சாலை கையில் புல் கறையோடு கட்டில் பக்கத்தில் நின்றாள். கடைசியில் அவர் கண்ணைத் திறக்காமலேயே உதட்டை அசைத்தார். அவள் குனிந்து காதை வைத்தாள். இருக்கேன் என்றார். அவள் கூப்பிட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. புறப்படும்போது அவர் மடியில் வைத்த சூட்டுப் போத்தலைத் திறந்து மூடியில் ஊற்றியபோது கோப்பியில் ஆவி பறந்தது. அந்தத் தை மாதத்துக் கோப்பியை அவள்தான் குடித்தாள்.

அடுத்த கார்த்திகையில் மறுபடியும் பட்ஜெட் வாசிக்கப்பட்டது. கல்லுமலைச் சாலையின் பேர் இந்தத் தடவை வெளிப்படையாகவே வந்தது. பராமரிப்புக் குழு நீக்கப்பட்ட பிறகும் அச்சாலை முன்பைவிடச் சிறந்த நிலையில் இருப்பதாகவும், இதனால் அத்தகைய செலவு தேவையற்றது என்பது நிரூபணமாகிவிட்டதாகவும் சொன்னார்கள். மேசையைத் தட்டினார்கள். பஞ்சாலை சோற்றுத் தட்டைக் கையில் பிடித்தபடி தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றாள். விரல் நகத்தில் தார் இருந்தது. தர்மேந்திரன் கூப்பிட்டு, "அக்கா, நான் உண்மையத்தான் எழுதுனேன், சத்தியமா" என்றார். அவர் எழுதியிருப்பார், நாங்கள் நம்புகிறோம். இன்னும் நான்கு சாலைகளில் ஆட்களை நிறுத்தியிருக்கிறார்கள். அங்கேயெல்லாம் கல் இருக்கிறதா, அதன் அடியில் யார் என்ன அள்ளிக்கொண்டு போனார்கள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

ஒரு பிடி குறைவது குறைவதுதான். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் தங்கராஜு அம்பாங்கானிலிருந்தும், மங்கம்மா ராசாவிலிருந்தும், முருகையா மந்தினிலிருந்தும் வருகிறார்கள். பஞ்சாலை பேர் கூப்பிடுகிறாள். பொழுது சாயும்வரை வேலை செய்துவிட்டுப் போகிறார்கள். மருத்துவ வண்டி வருகிறது, பள்ளிக்கூட வேன் வருகிறது, கீரை கீரையாகவே வந்து சேர்கிறது. தோட்டத்தில் இப்போது யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. யாருக்காவது காய்ச்சல் வந்தோ முதலாளி விடாமலோ ஒரு வெள்ளிக்கிழமை பெரட்டில் ஆள் குறைந்தால், சித்திக் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, திங்கட்கிழமை வேனைக் கொஞ்சம் முன்னதாக எடுக்கிறார். பஞ்சாலை அன்றைக்குக் கோப்பியைக் கூடுதலாக ஊற்றிக் கொடுக்கிறாள்.